எந்தத் தடிமன்

முடிவுத்தாளில் எனக்கு ஒன்றுக்கு நானூறு.
நிரூபனுக்கு வெறும் கோடு.
டொக்டர் ருவந்தி அந்தக் கோட்டைப் பேனையால்
இரண்டு தரம் தொட்டுக் காட்டினார்.
பொரளைச் சந்தியில் யாரோ 'மருதானை மருதானை' என்று
யன்னல் வரைக்கும் கத்திக்கொண்டிருந்தான்.

வைரஸ்தான், ஆனால் கோது மட்டும் என்றார்.
அதன் சொந்த எழுத்தை வழித்தெடுத்துவிட்டு
எங்களுக்கு அச்சுப்பிழையாய் வந்த ஒரு வரியைத்
திருத்தி உள்ளே வைத்திருக்கிறார்கள்.
பெட்டி மிகச் சின்னன்.
நல்லகாலம், ஒன்பதாம் காரணியின் வரியும் சின்னன்.
நரம்பில் ஏற்றினால்
வழியில் அதிகம் மினக்கெடாமல் ஈரலுக்குப் போகும்.
கலம் கலமாய்க் கதவைத் தட்டும்.
கொண்டுவந்ததைக் கருவுக்குள் வைத்துவிட்டு
கோது உதிர்ந்துபோகும்.

கல்லீரல்.
கல்லும் ஈரமுமாய் ஒலிக்கிற பேர்.
மேசை விளிம்பு முழங்காலில் பட்டாலே
ஈரக்குலை நடுங்குகிற வீடு எங்களுடையது.
இரத்தம் உறைகிற சரக்கு
அங்கேதான் செய்யப்படுகிறதாம்.
முப்பத்தாறு வருஷமாய்
பயந்த இடமும் பழுதான இடமும் ஒன்று.

எனக்கு மட்டும் ஏன்?
'இதே வைரஸ் முன்பே ஒருதரம்
உங்களிடம் வந்து போயிருக்கிறது.
நோய் செய்யாது. வந்ததே தெரிந்திருக்காது.
உடம்பு அதன் முகத்தை எழுதி வைத்துவிட்டது.
திரும்பி வந்தால் வாசலிலேயே பிடிக்கும்.'

எனக்கு வெள்ளவத்தைப் பொலிஸ் ஞாபகம் வந்தது.
இரண்டு நாள் தங்க வந்த சித்தப்பாவின் பேரையும்
கொண்டுபோய்ப் பதிந்த படிவம்.
வந்தவர் போய்விட்டார், செத்தும்விட்டார்.
படிவம் எங்கேயோ கிடக்கும்.

எந்தத் தடிமன்?
இரவு பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பிள்ளை
வவுனியா வரை தும்மியதே, அதுவா.
கொட்டாஞ்சேனைத் திருவிழாவில்
கழுவாத கிளாசில் குடித்த சர்பத்தா.
ஒரே பாயில் படுத்தோம்.
ஒரே துவாயில் முகம் துடைத்தோம்.
அன்றைக்கு இவன்
எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்?

அவனுக்கு ஏற்றியது ஒரு புதன்கிழமை.
தண்ணீர் மாதிரித்தான் இருந்தது.
நர்ஸ் ஷிஃபானா குழாயை விரலால் சுண்டினாள்.
அவன் ஃபோனில் கிரிக்கெட் பார்த்தான்.
ஓர் ஓவர் முடிவதற்குள்
எத்தனை கோடி இறங்கியிருக்கும்,
கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

ஏழாம் கிழமை ஈரல் கொஞ்சம் முறைத்தது.
ஸ்டீரொயிட் குடித்து முகம் ஊதினான்.
இனி அவனுக்கும் இன்னொரு தரம் ஏற்ற ஏலாது,
அவனுக்குள்ளும் படிவம் எழுதியாயிற்று.
இது எவ்வளவு காலம் நிற்கும் டொக்டர்?
'பலமு' என்றார்.
சிங்களத்தில் அதற்குப் பார்ப்போம் என்று அர்த்தம்.
எங்கள் காதில் பலம் என்றே விழுந்தது.
ஓட்டோவில் வரும்போது அதைச் சொல்லிச்
சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.

ஏப்ரலில் ஒரு காலை
சவரம் செய்கையில் தாடையைக் கீறிக்கொண்டான்.
கத்தினான்.
நான் ஐஸ் எடுத்துக்கொண்டு ஓடினேன்.
கண்ணாடிக்குள் இரண்டு பேரும் பார்த்தோம்.
ஒரு பொட்டு.
பெருகவில்லை.
கறுத்தது.
ஐஸ் உருகி என் சேர்ட் கைக்குள் இறங்கியது.
அவன் ஒன்றும் பேசாமல்
மற்றக் கன்னத்தையும் வழித்து முடித்தான்.

ஃப்ரிஜ்ஜில், மார்ஜரீனுக்கும்
நேற்றைய பருப்புக்கறிக்கும் நடுவே
அவன் பேர் ஒட்டிய குப்பிகள் இன்னும் ஏழு.
ஜூலையில் காலாவதி.
இன்றைக்கு எனக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது.
ச. நிரூபன் என்று எழுதியதை
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
குமிழி வராமல்
மெல்ல இழுக்கிறேன்.